கணிப்பொறிப் படிப்பும் மனச்சான்றும்

மேல்நிலைத் தேர்வின் முடிவுகள் வெளியானதும் நம் பங்குகளில் ஏறத்தாழ எல்லா இல்லங்களிலும் ஒரே பேச்சுத்தான்: பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்ப்பது? பெற்றோரைக் கேட்டால் பலருடைய விடையும் ஒன்றாகவே இருக்கும். "கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தால் போதும், சாமி!" என்பர். படித்து முடித்தால் என்ன வேலை, எவ்வளவு ஊதியம், எந்த ஊரில் என்பவற்றை விரல்நுனியில் வைத்திருப்பர். ஆனால் அந்த நான்கு ஆண்டுகளில் அங்கே என்ன கற்பிக்கப்படுகிறது, அது ஏன் கற்பிக்கப்படுகிறது என்று வினவுவோர் மிகச் சிலரே.

மருத்துவம் பயிலும் மகன் மனித உடலின் கூறுகளைப் படிக்கிறான் என்பதும், சட்டம் பயிலும் மகள் வழக்குகளின் தீர்ப்புகளைப் படிக்கிறாள் என்பதும் எல்லார்க்கும் ஓரளவு தெரியும். கணிப்பொறி பயிலும் பிள்ளையோ கதவைச் சாத்திக்கொண்டு திரையின்முன் அமர்ந்திருக்கிறான். அவன் படிக்கிறானா, விளையாடுகிறானா என்றுகூட வீட்டார் அறிவதில்லை. தாம் வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டிச் சேர்த்த பணத்தில் பிள்ளை என்ன கற்கிறான் என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலமன்றோ? அதனை இயன்றவரை எளிமையாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். தன்னை ஒருபோதும் காணாத மனிதர் தன் வேலையை நம்பி வாழும்படி வேலை செய்யப் பழக்குவதே இப்படிப்பு. இதனைப் பெற்றோரும் மாணவரும் உணர்ந்துவிட்டால் மற்றவை தாமே ஒழுங்குபெறும்.

இப்படிப்பு தோன்றிய வரலாறு

கணிப்பொறிக் கல்வி மிகப் பழமையானதன்று. இங்கிலாந்து நாட்டின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1953ஆம் ஆண்டில் கணிப்பொறிப் பயன்பாட்டில் ஓராண்டுப் பட்டயப் படிப்பைத் தொடங்கியது. அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகம் 1962இல் கணிப்பொறி அறிவியலுக்கெனத் தனித்துறை ஒன்றை நிறுவியது. அடுத்த ஆண்டே, அதாவது 1963இல், நம் நாட்டின் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு ஐ.பி.எம். 1620 என்னும் கணிப்பொறி வந்து சேர்ந்தது. அதைக்கொண்டு அங்கே கணிப்பொறிக் கல்வி தொடங்கிற்று. சென்னையிலுள்ள கழகத்தில் 1973இல் ஐ.பி.எம். 370 வகைக் கணிப்பொறி நிறுவப்பட்டது.

இத்துறையின் தொடக்க நாள்களில் திருச்சபையின் மகள் ஒருவருக்கும் பங்குண்டு என்பதை நம்மவரில் பலர் அறியார். அமெரிக்காவில் கணிப்பொறி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் இருவருள் ஒருவர் ஒரு கன்னியர். தூய கன்னி மரியாவின் அன்புச் சகோதரிகள் சபையைச் சேர்ந்த அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர் 1965ஆம் ஆண்டு ஜூன் திங்களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அப்பட்டத்தைப் பெற்றார். பின்னர் அயோவா மாநிலத்தில் டூபியூக் நகரிலுள்ள கிளார்க் கல்லூரியில் கணிப்பொறித் துறையைத் தோற்றுவித்து, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அதன் தலைவராகப் பணியாற்றினார். 1985இல் இறைவனடி சேர்ந்தார். பெண்பிள்ளைகளுக்கு இப்படிப்பு ஏற்றதா என ஐயுறும் பெற்றோர் இவரை எண்ணிப் பார்ப்பாராக.

1968ஆம் ஆண்டு இக்கல்வியின் வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. கல்லூரிகளில் என்னென்ன பாடங்களைக் கற்பிக்க வேண்டும் என்பதை அமெரிக்கக் கணிப்பொறியாளர் சங்கம் அவ்வாண்டு முறையாக வகுத்து வெளியிட்டது. அதே ஆண்டு அக்டோபர் திங்களில் ஜெர்மனியின் கார்மிஷ் என்னும் மலையூரில் பதினொரு நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ ஐம்பது வல்லுநர் கூடினர். கணிப்பொறிகள் பெருகின; அவற்றுக்கு எழுதப்படும் மென்பொருள்களோ உரிய காலத்தில் முடிவதில்லை, மதிப்பிட்ட செலவில் அடங்குவதில்லை, முடிந்தாலும் பிழை மலிந்து கிடந்தன. பாலம் கட்டுவோர்க்கும் கட்டடம் எழுப்புவோர்க்கும் உள்ள ஒழுங்கு மென்பொருள் எழுதுவோர்க்கு ஏன் இல்லை என்னும் வினாவையே அவர்கள் விவாதித்தனர். 'மென்பொருள் பொறியியல்' என்னும் தொடரையே அக்கூட்டத்திற்குத் தலைப்பாக இட்டனர். இன்று நம் பிள்ளைகள் ஒரு பாடமாகப் படிப்பது அங்கே பெயர் பெற்ற இத்துறையையே.

நான்கு ஆண்டுகளில் கற்பன யாவை?

கணிப்பொறிக்கு நாம் இடும் கட்டளைகளின் வரிசையை நிரல் என்பர். முதலாண்டில் மாணவர் ஏதேனும் ஒரு மொழியில் நிரல் எழுதக் கற்கின்றனர். 2021ஆம் ஆண்டு அண்ணா பல்கலைக்கழகம் வகுத்த பாடத்திட்டத்தில் முதற்பருவத்தில் பைத்தான் மொழியும் அடுத்த பருவத்தில் சி மொழியும் இடம்பெற்றன. அவற்றோடு தமிழர் மரபு, தமிழரும் தொழில்நுட்பமும் என்னும் இரு பாடங்களும் முதலாண்டிலேயே வைக்கப்பட்டமை மகிழ்ச்சிக்குரியது. நிரல் எழுதுவதே கணிப்பொறிப் படிப்பு எனப் பலர் கருதுகின்றனர். அஃது எழுத்துக் கூட்டி வாசிப்பதையே தமிழ்ப் புலமை என்று கருதுவதைப் போன்றது. மொழிகள் வரும், போகும். அவற்றின் அடியில் நிலைத்திருக்கும் பாடங்களே இப்படிப்பின் உயிர்.

அவற்றுள் ஒன்று தரவுகளை அடுக்கி வைக்கும் முறையும் தேடும் முறையும் ஆகும். நம் பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டில் ஆயிரம் பெயர்கள் கண்டபடி எழுதப்பட்டிருப்பின், ஒரு பெயரைத் தேட ஆயிரத்தையும் புரட்ட நேரலாம். அகர வரிசையில் இருப்பின், நடுப்பக்கத்தைத் திறந்து, தேடும் பெயர் முன்னே உள்ளதா பின்னே உள்ளதா என்று பார்த்து, ஒவ்வொரு முறையும் பாதியைத் தள்ளிவிடலாம். ஆயிரம் பெயர்களுக்குப் பத்து முறை பார்த்தால் போதும். பத்து இலட்சம் பெயர்களாயினும் இருபது முறையே போதும்! அடுக்கும் முறை ஒன்றே ஒரு நாள் வேலையை ஒரு நொடி வேலையாக்குகிறது. இதற்குக் கணித அறிவு வேண்டும். ஆதலால்தான் எண்கணிதத்தினின்றும் தருக்கத்தினின்றும் பிறந்த தனித்த கணிதப் பாடம் ஒன்றும் உடன் கற்பிக்கப்படுகிறது.

அடுத்தது கணிப்பொறியின் உள்ளமைப்பு. கணிப்பொறி எண்களை எவ்வாறு தன்னுள் வைத்துக்கொள்கிறது? ஐந்து இலக்கங்களே காட்டும் பழைய வண்டியின் கிலோமீட்டர் கருவியை நினைத்துப் பாருங்கள். 99,999 ஆனபின் மேலும் ஒரு கிலோமீட்டர் ஓடினால் அது 00000 என்று காட்டும். கணிப்பொறியிலும் ஓர் எண்ணுக்கு இவ்வளவு இடம் என்னும் எல்லை உண்டு. மிகச் சிறிய பெட்டி ஒன்றில் 0 முதல் 255 வரையே அடங்கும். 256ஆவது முறை கூட்டினால் அது மீண்டும் சுழியமாகிவிடும். இந்தச் சிறிய செய்தியை வாசகர் நினைவில் இருத்துமாறு வேண்டுகிறேன்.

மூன்றாவது இயக்க அமைப்பு. கணிப்பொறி ஒரே காலத்தில் பல வேலைகளைச் செய்கிறது. அவ்வேலைகள் ஒன்றன் காலை ஒன்று மிதித்துவிடாமல் காப்பது எவ்வாறு? ஒரு பங்கின் கணக்கேட்டில் இருப்பு 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 300 ரூபாயைச் சேர்க்க வருகிறார். அதே நேரத்தில் இன்னொருவர் 200 ரூபாயைச் சேர்க்க வருகிறார். இருவரும் 5,000 என்பதைப் பார்த்துக்கொண்டு கூட்டல் போடுகின்றனர். முதல்வர் 5,300 என்று எழுதுகிறார். மற்றவர் அதனை அடித்துவிட்டு 5,200 என்று எழுதுகிறார். இருக்கவேண்டியது 5,500. யாரும் திருடவில்லை; இருவரும் கூட்டியது சரியே; ஆயினும் 300 ரூபாய் மறைந்துவிட்டது! ஒருவர் எழுதி முடிக்கும்வரை மற்றவர் ஏட்டைத் தொடலாகாது என்னும் ஒழுங்கை நிரலுக்குள் அமைப்பது எவ்வாறு என்பதை இப்பாடம் கற்பிக்கிறது.

இவையன்றி, வங்கியில் ஒரு கணக்கினின்று எடுத்த பணம் மறு கணக்கில் சேருமுன் மின்சாரம் நின்றுபோனால் இரண்டும் நிகழ வேண்டும் அல்லது இரண்டும் நிகழாதிருக்க வேண்டும் என்று காக்கும் தரவுத்தளப் பாடம் உண்டு. ஊர்விட்டு ஊர் செய்தி செல்லும் வலையமைப்புப் பாடம் உண்டு. எந்தக் கணிப்பொறியாலும் தீர்க்கவியலாத கணக்குகள் உள்ளன என்று ஆலன் டூரிங் 1936இல் நிறுவிய உண்மையைக் கற்பிக்கும் கணிப்பியல் கோட்பாடும் உண்டு. பொறியின் ஆற்றலை வியப்பதோடு அதன் எல்லையையும் அறிவதே கல்வி.

"இவ்வளவும் எதற்கு, சாமி? கம்பெனிக்காரர் மூன்று மாதத்தில் வேலையைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்களே!" என்று மாணவர் சிலர் கேட்கின்றனர். நல்ல கேள்வி. அதற்கு விடையாக, உலகெங்கும் கணிப்பொறி மாணவர்க்குப் பாடமாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி ஒன்றைக் கூறுவேன்.

தெராக்-25

புற்றுநோய்க்குக் கதிர்மருத்துவம் செய்யும் பொறி ஒன்று 1980களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் பயன்பட்டது. அதன் பெயர் தெராக்-25. கனடா அரசுக்குரிய அணுசக்தி நிறுவனம் அதனைச் செய்தது. மொத்தம் பதினொரு பொறிகளே நிறுவப்பட்டன. அது இருவகையில் வேலை செய்யும். மெல்லிய மின்னணுக் கதிரை நேரே உடலில் செலுத்துவது ஒன்று. அதனினும் ஏறத்தாழ நூறு மடங்கு வலிய கதிரை ஓர் உலோகத் தடுப்பின்மேல் மோதச் செய்து எக்ஸ் கதிராக மாற்றிச் செலுத்துவது மற்றொன்று. வலிய கதிர் பாயும்போது தடுப்பு தன் இடத்தில் இல்லையாயின் விளைவு கொடியதாகும். அதற்கு முந்திய பொறிகளில் இத்தகைய தவற்றைத் தடுக்கத் தனியான பூட்டுக் கருவிகள் இருந்தன. புதிய பொறியிலோ அக்கருவிகள் பல நீக்கப்பட்டன. மென்பொருளே எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளும் என்று நம்பினர்.

1986ஆம் ஆண்டு மார்ச் திங்களில், டெக்சஸ் மாநிலத்தின் டைலர் நகரிலுள்ள மருத்துவமனை ஒன்றில் நோயாளி ஒருவர் வழக்கமான சிகிச்சைக்குப் படுத்திருந்தார். அறைக்கு வெளியே பொறியை இயக்கிய பெண்மணி மின்னணுக் கதிருக்குரிய எழுத்துக்குப் பதிலாக எக்ஸ் கதிருக்குரிய எழுத்தைத் தட்டிவிட்டார். உடனே தவற்றைக் கண்டு, மேலே சென்று திருத்தினார். பழகிய கையாதலால் சில நொடிகளில் திருத்தம் முடிந்தது. திரையில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. ஆனால் பொறியின் காந்தங்களைச் சரிசெய்ய எட்டு நொடிகள் வேண்டும்; அந்த வேலையில் ஈடுபட்டிருந்த நிரல், இடையில் நிகழ்ந்த திருத்தத்தைக் காணவில்லை. திரை ஒன்றைச் சொல்லிற்று. பொறி வேறொன்றைச் செய்தது. 'பழுது 54' என்று மட்டும் திரையில் தோன்றியது. அதன் பொருள் என்னவென்று கையேட்டில் விளக்கமில்லை. இத்தகைய பழுதுச் செய்திகள் அடிக்கடி வந்து பழகிவிட்டமையால், அப்பெண்மணி தொடருமாறு ஒரு விசையை அழுத்தினார். கதிர் மீண்டும் பாய்ந்தது.

அவருக்குச் செலுத்தவேண்டிய அளவு 180 ராட். அவர் உடலில் பாய்ந்ததோ 16,500 முதல் 25,000 ராட் வரை இருக்கும் என்று பின்னர் மதிப்பிட்டனர். ஐந்து திங்களுக்குப்பின் அவர் இறந்தார். நிறுவனத்தின் பொறியாளர் வந்து பார்த்தபோது பழுதை மீண்டும் உண்டாக்க இயலவில்லை. அளவுக்கு மீறிய கதிர் பாய்வதற்கு இடமே இல்லை என்று கூறிச் சென்றனர். மூன்று வாரங்களில், அதே மருத்துவமனையில், அதே முறையில், மற்றொருவர் தாக்கப்பட்டு இறந்தார். அப்போதுதான் அம்மருத்துவமனையின் இயற்பியல் வல்லுநரும் பொறியை இயக்கிய பெண்மணியும் நெடுநேரம் உட்கார்ந்து, அன்று தட்டியபடியே விரைவாகத் தட்டித் தட்டிப் பார்த்து, பழுது எவ்வாறு விளைகிறது என்பதைக் கண்டுபிடித்தனர். மெல்லத் தட்டுவோர்க்கு அப்பழுது தோன்றுவதேயில்லை!

1985 ஜூன் முதல் 1987 சனவரி வரை இத்தகைய விபத்துகள் ஆறு நிகழ்ந்தன. குறைந்தது மூவர் உயிரிழந்தனர். இறுதி விபத்து வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமாவில் நிகழ்ந்தது. அதற்குக் காரணம் வேறொரு பிழை. தடுப்பு தன் இடத்தில் உள்ளதா என்று சோதிக்க வேண்டுமா என்பதைக் குறிக்கும் எண் ஒன்று நிரலில் இருந்தது. சுழியம் என்றால் சோதனை வேண்டியதில்லை. வேறெந்த எண்ணாயினும் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் நிரல் அந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டிக்கொண்டே வந்தது. அந்த எண் இருந்த பெட்டியோ 255க்கு மேல் கொள்ளாதது. 256ஆவது சுற்றில் அது சுழியமாயிற்று. அந்த நொடியில் விசை அழுத்தப்பட்டமையால் சோதனை நடவாமலே கதிர் பாய்ந்தது.

பாடமும் பிழையும்

அன்பார்ந்த வாசகர்களே, முன்னர் நான் நினைவில் இருத்துமாறு வேண்டிய செய்தி இப்போது விளங்கியிருக்கும். யாக்கிமாவில் ஓர் உயிரைப் பறித்தது கணிப்பொறி உள்ளமைப்புப் பாடத்தில் வரும் பெட்டியின் எல்லை. டைலரில் இருவரைக் கொன்றது இயக்க அமைப்புப் பாடத்தில் வரும் கணக்கேட்டுக் குழப்பம். ஒரு வேலை எழுதி முடிக்குமுன் இன்னொரு வேலை அதே ஏட்டைத் தொட்டுவிட்டது. தேர்வில் இரண்டு மதிப்பெண் வினாவாக வந்துபோகும் செய்திகள் இவை. இவற்றைப் பொருள் உணராது மனப்பாடம் செய்து எழுதி மறந்துவிடும் மாணவனுக்கு, நாளை அவன் கையிலிருந்து செல்லும் நிரலில் இவை எங்கே ஒளிந்திருக்கின்றன என்று காணும் கண் இராது.

மூன்றாவது பாடம் ஒன்றும் இதில் உண்டு. 1993ஆம் ஆண்டு நான்சி லெவிசன், கிளார்க் டர்னர் என்னும் இருவர் இவ்விபத்துகளை ஆராய்ந்து விரிவாக எழுதினர். பிழையான சில வரிகளை மட்டும் குறை கூறி அவர்கள் நின்றுவிடவில்லை. மென்பொருள் முழுவதையும் ஒரே மனிதர் எழுதியிருந்தார். அதன் அமைப்பை விளக்கும் குறிப்புகள் மிகக் குறைவு. முறையான சோதனைத் திட்டம் இல்லை. பொறியின் பாதுகாப்பை முன்கூட்டி ஆராய்ந்தபோது மென்பொருளில் பிழை இராது என்றே கொள்ளப்பட்டது. முந்திய பொறிகளில் நன்றாக வேலை செய்தது என்னும் நம்பிக்கையில் பழைய நிரலின் பகுதிகளை அப்படியே எடுத்துக்கொண்டனர்.

அது உண்மையிலேயே நன்றாக வேலை செய்ததா? சிகாகோ பல்கலைக்கழகத்தோடு இணைந்த கதிர்மருத்துவ மையம் ஒன்றில் முந்திய பொறியான தெராக்-20 இருந்தது. புதிய மாணவர் வகுப்பு தொடங்கும்போதெல்லாம் அப்பொறியின் மின்காப்பு இழைகள் எரிந்துபோயின; மாணவர் பழகியபின் அப்பழுது திங்கள் கணக்கில் தலைகாட்டாது. டைலர் செய்தியைக் கேள்வியுற்ற அம்மையத்தின் இயற்பியல் வல்லுநர் ஆராய்ந்தார். பழக்கமில்லாத மாணவர் தாறுமாறாகத் தட்டியபோது அதே பிழையே அங்கும் தலையெடுத்திருக்கிறது. ஆனால் பழைய பொறியில் பூட்டுக் கருவிகள் இருந்தமையால் இழை எரிந்ததோடு நின்றது, மனிதர் தப்பினர். பிழை தொடக்கம் முதலே இருந்தது. அதைத் தாங்கிக்கொண்டிருந்த காவலை எடுத்துவிட்டார்கள், அவ்வளவே.

மென்பொருள் பொறியியல் என்னும் பாடம் கற்பிப்பது இதைத்தான். கோயில் கட்டுவதற்கு முன் பங்கு மக்களின் தேவை என்ன என்று கேட்கிறோம்; வரைபடம் போடுகிறோம்; மண்ணைச் சோதிக்கிறோம்; செலவை மதிப்பிடுகிறோம்; கட்டும்போது மேற்பார்வை செய்கிறோம்; கட்டியபின் ஆண்டுதோறும் பழுது பார்க்கிறோம். மென்பொருளுக்கும் தேவை அறிதல், வடிவமைத்தல், எழுதுதல், சோதித்தல், பராமரித்தல் என்னும் படிகள் உண்டு. ஒருவர் எழுதியதை மற்றொருவர் படித்துக் குறை காண வேண்டும். எழுதியது ஏன் அவ்வாறு எழுதப்பட்டது என்பதைப் பின்வருவோர்க்காகக் குறித்து வைக்க வேண்டும். காலம் தாழ்ந்த வேலையில் மேலும் ஆள்களைச் சேர்த்தால் அது இன்னும் தாழும் என்று பிரெட் புரூக்ஸ் 1975இல் எழுதிய நூல் இன்றும் இவ்வகுப்புகளில் பேசப்படுகிறது. பதறாத காரியம் சிதறாது என்று நம் பாட்டிமார் சொல்லவில்லையா?

மாணவர் பலர் இப்பாடத்தை வெறும் கதைப்பாடம் என்று இகழ்வர். கணக்கில்லை, நிரலில்லை, ஒரே இரவில் படித்துவிடலாம் என்பர். ஆனால் தொழிலுக்குச் சென்றபின் நாள்தோறும் துணைக்கு வருவது இதுவே. கணிப்பொறியாளர் சங்கங்கள் இரண்டு சேர்ந்து 1999இல் மென்பொருள் பொறியாளர்க்கென எட்டு நெறிகளை வகுத்தன. அவற்றுள் முதலில் நிற்பது பொதுமக்கள் நலன். முதலாளியின் நலன் அதற்கு அடுத்தே வருகிறது. இவ்வரிசையைக் கவனியுங்கள்.

ரெக்கார்டு நோட்டும் விலைக்கு வாங்கும் பிராஜெக்டும்

இனி, நம் வீட்டுக்குள் வருவோம். ஆய்வக வகுப்பில் ஒவ்வொரு மாணவரும் தாமே நிரல் எழுதி, ஓட்டிப் பார்த்து, விளைவை ரெக்கார்டு நோட்டில் பதிய வேண்டும் என்பது விதி. நடப்பது என்ன? ஒருவர் எழுதுகிறார், முப்பது பேர் படியெடுக்கின்றனர். பிழையும் முப்பது நோட்டுகளில் பிழையாகவே படிகிறது. இறுதி ஆண்டில் மாணவர் குழுவாகச் சேர்ந்து ஒரு பிராஜெக்ட் செய்ய வேண்டும். நான்காண்டுக் கல்வியின் கனி அதுவே. தேவை அறிவது முதல் சோதிப்பது வரை முன்சொன்ன படிகள் அனைத்தையும் மாணவர் தம் கையால் ஒருமுறை நடந்து பார்க்கும் வாய்ப்பு அது. அதனையும் ஆயத்தமாகச் செய்து விற்கும் கடைகள் நம் நகரங்களில் உள்ளன. அறிக்கை, நிரல், தேர்வாளர் கேட்கக்கூடிய வினாக்களுக்கு விடை எல்லாம் ஒரே விலையில் கிடைக்கும். அதற்குப் பணம் கொடுப்பவர் யார்? பெற்றோராகிய நாமல்லவா?

"எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்று பிள்ளை சொல்லக்கூடும். தேர்வுக் கட்டணத்தோடு இதுவும் ஒரு கட்டணம் என்று எண்ணிப் பெற்றோரும் கொடுத்துவிடுகின்றனர். ஏழைத் தாய் ஒருத்தி சங்கிலியை அடகு வைத்தும் கொடுத்திருக்கலாம். அவள் வாங்கித் தருவது என்ன? தன் மகன் கற்றிருக்க வேண்டிய ஒன்றை அவன் கற்காமலிருக்கும் உரிமையை! திருடிய மாம்பழமாவது தின்றவன் வயிற்றை நிரப்பும். விலைக்கு வாங்கிய பிராஜெக்ட் அதனையும் செய்யாது. பொய் என்னும் பாவம் ஒருபுறமிருக்க, அந்தப் பட்டத்தை நம்பி நாளை ஒரு மருத்துவமனையோ வங்கியோ அவன் கையில் வேலையை ஒப்படைக்கும். டைலர் நகரத்து நோயாளி, தம் பொறியின் நிரலை எழுதியவர் யார் என்று கேட்டறிந்தா அக்கட்டிலில் படுத்தார்? நம்பியே படுத்தார்.

எழுதித் தரும் பொறிகள் வந்தபின்

இக்காலத்தில் புதியதொரு வினாவும் எழுந்துள்ளது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதனைப் போன்ற கருவிகள் பல இன்று உள்ளன. வேண்டியதைச் சொன்னால் நொடியில் நிரலை எழுதித் தருகின்றன. இனி இப்படிப்பு எதற்கு என்று சிலரும், இனி உழைக்க வேண்டியதில்லை என்று சிலரும் பேசுகின்றனர். இரண்டும் தவறான முடிவுகள் என்பது என் கருத்து.

அக்கருவிகள் எழுதுவது பெரும்பாலும் ஒழுங்காகவே தோன்றும். சரியானதையும் தவறானதையும் ஒரே துணிவோடு எழுதும். உலகில் இல்லாத துணைநிரல் ஒன்றை இருப்பதாகக் கொண்டு எழுதுவதும் உண்டு. ஓட்டிப் பார்த்தால் ஓடும். எட்டு நொடிக்குள் ஒருவர் திருத்தினால் என்னவாகும் என்று நாமே கேட்டாலன்றி அதற்கு விடை வெளிப்படாது. எத்தனை முறை சோதித்தாலும் பிழை உண்டு என்பதைத்தான் சோதனையால் காட்ட முடியுமேயன்றிப் பிழையே இல்லை என்று காட்ட முடியாது என்னும் கருத்தை டைக்ஸ்ட்ரா என்னும் டச்சு நாட்டு அறிஞர் நெடுநாள் முன்பே வலியுறுத்தினார். ஆகவே எழுதுவோரின் தேவை குறையினும், எழுதியதைப் படித்து இது சரி, இது தவறு என்று சொல்லி, அதற்குப் பொறுப்பேற்று நிற்பவரின் தேவை கூடவே செய்யும். கருவிக்கு மனச்சான்று இல்லை. அதற்காக மனிதனே விடை கூற வேண்டும். கற்கும் காலத்திலேயே வீட்டுப்பாடத்தையெல்லாம் கருவியிடம் ஒப்படைத்த மாணவன் அந்த இடத்தில் நிற்கத் தகுதி பெறுவது எங்ஙனம்? கூட்டல் அறியாதவன் கால்குலேட்டரின் தவற்றை அறிவானா?

பெற்றோருக்குச் சில சொற்கள்

முதலாவது, பிள்ளையின் நாட்டத்தை அறியுங்கள். கைப்பேசியை விரைவாக இயக்குவது கணிப்பொறி அறிவியலுக்கான அறிகுறியன்று. விடை கிடைக்காத கணக்கோடு ஒரு மாலைப்பொழுது முழுவதும் மல்லுக்கு நிற்கும் பொறுமை உண்டா என்று பாருங்கள். பள்ளியில் கணிப்பொறியைப் பாடமாக எடுக்காதவரும் இப்படிப்பில் சேரலாம், கணிதமோ இன்றியமையாதது.

இரண்டாவது, பொறியியல் கலந்தாய்வில் இடம் கிடைக்காவிடில் உலகம் முடிந்துவிடாது. கலை அறிவியல் கல்லூரிகளில் மூன்றாண்டு பி.எஸ்சி., பி.சி.ஏ. படிப்புகளிலும் இப்பாடங்களில் பல உள்ளன. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். என்னும் திட்டத்தில் இப்பாடங்களின் விரிவுரைகளை எவரும் கட்டணமின்றிக் கேட்கலாம். நல்ல ஆசிரியர் வாய்க்காத கல்லூரியில் பயிலும் பிள்ளைக்கு இஃது அருமருந்து.

மூன்றாவது, மதிப்பெண்ணை மட்டும் கேளாதீர்கள். "இந்த வாரம் நீயாக என்ன எழுதினாய்? எங்கே பிழை வந்தது? எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேளுங்கள். நீங்கள் எழுத்தறியாதவராயினும் இதைக் கேட்கலாம். தான் கற்றதைத் தன் தாய்க்கு விளங்கும்படி தமிழில் சொல்லத் தெரிந்தவனே அதனை உண்மையில் கற்றவன். பிழை வந்தது என்று அவன் சொன்னால் கடிந்துகொள்ளாதீர்கள். பிழையை மறைக்கப் பழகியவனைவிட, பிழையைத் தேடிச் சொல்லப் பழகியவனே நல்ல பொறியாளன் ஆவான்.

நான்காவது, பிராஜெக்டுக்கென்று பணம் கேட்டால் எதற்கு என்று வினவுங்கள். கருவிகள் வாங்கவென்றால் மனமுவந்து கொடுங்கள். ஆயத்தமானதை வாங்கவென்றால் மறுத்துவிடுங்கள். அதைவிட, பங்கிலேயே செய்வதற்கு வேலை உண்டு என்று காட்டுங்கள். கல்லறைப் பதிவேடு, நூலகப் பட்டியல், இரத்ததானம் செய்வோர் விவரம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தித் தர இளைஞர் குழு ஒன்று முன்வருமாயின், நம் பங்குகளின் கதவுகள் திறந்தே இருக்கும். அதனால் பயன் பெறுவோர் யார், அவர்கள் எங்கே தவறாகத் தட்டுவார்கள், தட்டினால் என்னவாகும் என்று அப்பிள்ளைகள் நேரில் உட்கார்ந்து பார்க்கட்டும். சிறிய வேலையேயாயினும் அவர்கள் பெயர் சொல்லிக் காட்டத்தக்க வேலையாக அது விளங்கும். கல்லூரிக்கும் அதனையே பிராஜெக்டாகக் கொண்டு செல்லலாம்.